பதினேழு நாளும் பைசா செலவில்லாத மதுரையும்

போன தை மாதம் வாசல் தெளிக்கும்போது அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. விருதுநகரிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோய் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் ஒன்று, அப்புறம் சர்க்கரை ஏறிப் புண் ஆறாமல் இழுத்தது என்று எல்லாமாக 17 நாள்.

நோயாளிக்குத் துணையாக ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்பது அங்கே சட்டம். இரவு நான், பகல் தங்கச்சி. சில நாள் மாற்றிக்கொள்வோம். படுத்து எழுந்திருக்கப் பழங்காநத்தத்தில் பெரியம்மா மகன் வீடு இருந்தது. ஆனால் அண்ணனும் மதினியும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பி வீட்டைப் பூட்டிவிடுவார்கள், திரும்பி வர ஆறு மணி ஆகும். அவர்களிடம் சாவி கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஆபரேஷனுக்குக் கட்டிய பிறகு கையில் இருந்த பணம் மருந்துக்கே காணாது. லாட்ஜ் என்ற பேச்சே இல்லை.

முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்தால் செலவாகாது என்றுதான் நினைத்தேன். டீ, வடை, மறுபடி டீ, தண்ணீர் பாட்டில், பொழுது போகப் பத்திரிகை என்று ஒரு பகலில் 140 ரூபாய் போயிருந்தது. மூன்றாம் நாள்தான் எழுந்து நடந்தேன். அன்றைக்கு ஐந்து ரூபாய்கூடச் செலவாகவில்லை. தென் மாவட்டங்களில் யாருக்கு என்ன என்றாலும் மதுரைக்குத்தான் ஓடுகிறோம். அப்படி வந்து, பகல் முழுக்க ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் முடங்கிக் கிடக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போக்குவரத்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஊரில் நான் அதைச் சந்தைக்கும் ரேஷனுக்கும்தான் பயன்படுத்தியிருந்தேன். ஊர் சுற்றவும் அதே பஸ்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஏறும்போது சாதாரண பஸ்தானா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், மற்ற பஸ்ஸில் கட்டணம் உண்டு. நடத்துநர் தரும் இலவசச் சீட்டை இறங்கும்வரை கையில் வைத்திருக்க வேண்டும். ஆண்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் பழைய மதுரை முழுவதும் கோயிலைச் சுற்றியே அடங்கிக் கிடப்பதால் நடந்தே பார்த்துவிடலாம்.

நான் தெரிந்துகொண்ட பெரிய விஷயம் நேரம். டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடத்துக்கு எப்போது போனாலும் ஒன்றுதான். காசில்லாமல் பார்க்கிற இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை இருக்கிறது. அந்த வேளை தப்பினால் பூட்டிய கதவையோ கால் பொசுக்கும் கல்லையோதான் பார்க்க வேண்டிவரும்.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு விடியற்காலை. பத்து மணிக்கு மேல் போய் வரிசையில் நசுங்கித்தான் அதுவரை நான் அந்தக் கோயிலைப் பார்த்திருந்தேன். ஒரு நாள் தங்கச்சி ஐந்தரைக்கே மாற்றிவிட வந்துவிட்டாள், ஆறு மணிக்கெல்லாம் தெற்குக் கோபுர வாசலில் நின்றேன். இருப்பதில் உயரமான கோபுரம் அதுதான். கால் செருப்பை இலவசமாக வைத்துக்கொள்கிறார்கள். செல்போன் உள்ளே விடமாட்டார்கள், வைத்துவிட்டுப் போகக் கட்டணம் உண்டு, அதனால் போனைத் தங்கச்சியிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தேன். போன் இல்லாததே ஒரு வசதியாகிவிட்டது.

பொது தரிசன வரிசையில் அந்த நேரத்தில் கூட்டம் குறைவு. சிறப்பு தரிசனச் சீட்டு தேவைப்படவே இல்லை. முடித்து வந்தால் ஒரு லட்டு கையில் வைக்கிறார்கள். 2019-இலிருந்து எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்தேன். அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பவில்லை. வெயில் கோபுரத்து உச்சியிலிருந்து தட்டுத் தட்டாக இறங்கிவருவதை அன்றுதான் பார்த்தேன். முதலில் மேலே உள்ள கலசம், அப்புறம் பச்சையும் நீலமுமான பொம்மைகள் ஒவ்வொரு வரிசையாக விழித்துக்கொள்வது போல. அது தண்ணீருக்கு வந்து சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

உள்ளே வெள்ளியம்பலத்தில் நடராஜர் மற்ற ஊர்களைப் போல இல்லை, வலது காலைத் தூக்கி ஆடுகிறார். எப்போதும் ஒரே காலில் நின்றால் வலிக்குமே என்று பாண்டிய ராஜா மனம் வருந்திக் கேட்டதால் கால் மாற்றி ஆடினார் என்பது திருவிளையாடல் கதை. சாயங்காலம் போய் அம்மாவிடம் சொன்னேன். கட்டுப் போட்ட காலை அசைக்க முடியாமல் படுத்திருந்தவர், “அந்த ராசாவுக்கு வலின்னா என்னன்னு தெரிஞ்சிருக்குடி” என்றார். அன்றிலிருந்து நான் உள்ளே நுழைந்ததும் “இன்னைக்கு எங்க போன, என்ன பார்த்த?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எனக்கும் சொல்வதற்காகவே உற்றுப் பார்க்கும் பழக்கம் வந்தது.

மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி, நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்கு முன் அன்னதானம் உண்டு. முதல் நாள் வரிசையில் நிற்கக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் பரமக்குடியிலிருந்து வந்தவர், அவர் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரியில்தான். “இதுல என்னக்கா இருக்கு, அம்மா வீட்டுச் சாப்பாடு” என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நான் கூச்சப்படவில்லை.

இலவசம் என்ற சொல்லை அந்த வாசலில் நின்று லேசாகச் சொல்ல எனக்கு வராது. எங்கள் தாத்தா திருவிழாவுக்கு மாட்டுவண்டியில் மதுரைக்கு வந்து, மாசி வீதியில் தேரைப் பார்த்துவிட்டு, கோபுரத்தைக் கும்பிட்டபடி வெளியிலிருந்தே திரும்பியவர். உள்ளே போகும் உரிமை எங்கள் ஆட்களுக்கு அப்போது இல்லை. 1939 ஜூலை 8-ஆம் தேதி சுதந்திரப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் முன்னால் நின்று, கக்கனும் இன்னும் சிலரும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனார்கள். எல்லாருக்கும் திறக்காத கோயிலுக்குள் வரமாட்டேன் என்றிருந்த காந்தி, 1946-இல்தான் வந்து கும்பிட்டார். காசு கொடுக்காமல் நான் குளத்தங்கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததற்கு முன்னால் இவ்வளவு நடந்திருக்கிறது.

அந்த நினைப்பிலேயே ஒரு நாள் முழுக்க காந்தியின் பின்னால் நடந்தேன். இந்த 17 நாளில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அது. மதுரையில் மூன்று இடங்கள், மூன்றுக்கும் கட்டணம் இல்லை. மேல மாசி வீதியில் 251-ஏ எண் கட்டடம் முதல் இடம். கீழே கதர்க் கடை. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி அந்த வீட்டு மாடியில்தான், முழு ஆடையை விட்டுவிட்டு இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டிக்கொள்வது என்று காந்தி முடிவெடுத்தார். கதர் வாங்க எங்களுக்குக் காசில்லை என்று ஏழைகள் சொன்னது அவர் மனசை அறுத்திருக்கிறது. கடைக்காரரிடம் மேலே பார்க்கலாமா என்று கேட்டேன், போய்ப் பாருங்கள் என்றார். எதுவும் வாங்காமல் போகிறோமே என்று தயங்கினேன், அவர் கண்டுகொள்ளவில்லை.

அங்கிருந்து கிழக்கே நடந்து காமராஜர் சாலைக்கு வந்தால், அலங்கார் தியேட்டர் அருகே காந்திப் பொட்டல். புது உடையில் முதல் தடவையாக மக்கள் முன்னால் அவர் நின்ற இடம். இப்போது ஒரு சிலை, சுற்றிப் போக்குவரத்து. நூறு பேர் கடந்து போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பலமுறை பஸ்ஸில் அந்த வழியாகப் போனவள்தான்.

மூன்றாவது, தமுக்கத்தில் உள்ள காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டடம். 1959-இல் நேரு திறந்துவைத்தார். உள்ளே போக ஒரு பைசா வாங்குவதில்லை. மதியம் ஒரு மணி வாக்கில் சாப்பாட்டு இடைவேளைக்கு மூடிவிடுவார்கள், அதைப் பார்த்துப் போக வேண்டும். கடைசியில், சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த துணி கண்ணாடிக்குள் இருக்கிறது. ரத்தக்கறை பழுப்பேறி, துரு பிடித்த தண்ணீர் பட்ட வேட்டி போலத்தான் தெரிகிறது. யாரும் சொல்லாவிட்டால் வெறும் அழுக்குக் கறை என்று நினைத்துக் கடந்துவிடுவோம். காலையில் அந்தத் துண்டைக் கட்ட முடிவெடுத்த மாடியில் நின்றிருந்தேன், சாயங்காலம் அதன் முடிவுக்கு முன்னால் நிற்கிறேன். வெளியே வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் பஸ் ஏற முடிந்தது.

வெயில் உச்சியில் இருக்கும் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரைக்கும் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம்தான் எனக்குப் புகலிடம். 2023-இல் திறந்தது. பழைய நகரத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் ஏசி, குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை மூன்றும் இருக்கிற இலவச இடம் நகரில் அபூர்வம். பெண்கள் தனியாக ஊர் சுற்றும்போது கழிப்பறைதான் பெரிய கவலை. அதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். நான்காம் நாள் அப்படி இருந்து தலை சுற்றி, ஒரு துணிக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைப் பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

திருமலை நாயக்கர் மகாலுக்குக் கட்டணம் உண்டு. பெரிய தொகை இல்லை, ஆனாலும் நான் உள்ளே போகவில்லை. அதற்குப் பதில் மகாலின் மிச்சத்தைத் தேடிப் போனேன். இப்போது நாம் பார்க்கும் மகால் பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான் என்கிறார்கள். மற்றது எங்கே? ஒரு துண்டு, விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஜவுளிக் கடைகள். துண்டும் நைட்டியும் தொங்குகிற இடைவெளியில் திடீரென்று அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் வரிசையாகப் பத்துக் கல்தூண்கள். மேலே கூரை இல்லை, தாங்குவதற்கு எதுவும் இல்லை, தூண்கள் மட்டும் நிற்கின்றன. ஒன்றில் சாய்ந்துகொண்டு ஒரு சுமைதூக்கும் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன். சுற்றிலும் வெயில், கல் குளிர்ந்து இருந்தது.

விளக்குத்தூணுக்கும் கதை உண்டு. 1840-களில் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக வைத்தது அது. அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரி பெயரிலும் மாரட் பெயரிலும் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. வெளி வீதி என்றால் கோட்டைக்கு வெளியே. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, மாரட், வெளி என்று கோயிலிலிருந்து வெளியே நடந்து வாருங்கள், ஊர் வளர்ந்த கதை காலடியில் வரும். சித்திரைத் திருவிழாவுக்குச் சாமி ஏன் மாசி வீதியில் வருகிறது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம். மாசியில் நடந்த திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர், தேர் பழைய வீதியிலேயே நின்றுவிட்டது. இடிக்காமல் விட்டதால் விட்டவாசல் என்று பெயர் வந்ததாகச் சொல்லும் பழைய கோட்டை வாசல் ஒன்று அம்மன் சன்னதிக்கு நேர் கிழக்கே இருக்கிறது. அப்படியே எழுகடல் தெருப் பக்கம் வந்தால் ராயகோபுரம். அடித்தளத்தோடு நின்றுபோன கோபுரம். முடிந்திருந்தால் ஊரிலேயே பெரியது அதுவாகத்தான் இருந்திருக்கும். கொடி செதுக்கிய பிரம்மாண்டமான வாசல் கல்லுக்கு அடியில் பாத்திரக் கடை. பக்கத்தில் புதுமண்டபம் என்ற பழைய கல் மண்டபத்தில் இருந்த தையல்காரர்களும் வளையல் கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள்.

ஒரு நாள் ஏமாந்தேன். கோயில் பக்கம் ஒருவர் தானாகவே வந்து சிற்பங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு கூடவே நடந்தார். நல்ல மனுஷர் என்று நினைத்தேன். கடைசியில் 300 ரூபாய் கேட்டார். இல்லை என்றதும் குரல் உயர்ந்தது, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், 50 ரூபாய் கொடுத்துத் தப்பித்தேன். அது அம்மாவுக்கு இளநீர் வாங்க வைத்திருந்த காசு. யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலேயே “நான் காசு கொடுக்கமாட்டேன் அண்ணே, பரவாயில்லையா?” என்று கேட்டுவிடுங்கள். உண்மையிலேயே ஆசையாகச் சொல்கிறவர்கள் அதற்குப் பிறகும் சொல்வார்கள். ராயகோபுரத்துப் பாத்திரக் கடைக்காரர் அப்படித்தான் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கால் மணி நேரம் பேசினார்.

தைப்பூசத்தன்று வழக்கம்போலக் காலையில் கோயிலுக்குப் போனால் நடை சாத்தியிருந்தது. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி, “ஆத்தா இங்க இல்லம்மா, தெப்பக்குளம் போயிருக்கா” என்றார். அம்மனும் சுவாமியும் தெப்பத் திருவிழாவுக்குக் கிளம்பிவிட்டால் அன்றைக்கு அவர்கள் திரும்பி வரும்வரை கோயிலில் தரிசனம் இல்லை. எனக்கு அது தெரியாது. காமராஜர் சாலை வழியாகக் கூட்டத்தோடு நடந்தே வண்டியூர் தெப்பக்குளம் போனேன். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஒவ்வொரு கரையும் கிட்டத்தட்ட 1,000 அடி. நடுவில் மைய மண்டபம். ஜோடித்த தெப்பத்தைக் கரையில் நின்றவர்கள் வடம் பிடித்து இழுக்க, அது தண்ணீரில் மண்டபத்தைச் சுற்றி வந்தது. நல்ல இடம் பிடிக்க வெயிலுக்கு முன்பே போக வேண்டும். கைப்பிடிச் சுவரில் ஒரு குடும்பம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தது, புளியோதரைப் பொட்டலத்தையும் நீட்டியது. இருட்டியதும் மின்விளக்கோடு தெப்பம் மறுபடி சுற்றும் என்றார்கள். நான் இருக்கவில்லை, ராத்திரி முறை எனக்கு.

கடைசி வாரத்தில் சமணமலை. நகரத்துக்கு மேற்கே கீழக்குயில்குடியில் இருக்கிறது. டவுன் பஸ் போகிறது, ஆனால் குறைவு. இறங்கும்போதே திரும்பும் பஸ் எப்போது என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஏறத் தொடங்கி, இருட்டும் முன் இறங்கிவிட வேண்டும். தனியாகப் போகாதீர்கள். நான் போன அன்று பள்ளிப் பிள்ளைகளை ஓர் ஆசிரியர் அழைத்து வந்திருந்தார், அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். அடிவாரத்தில் கருப்பசாமி கோயில், பெரிய ஆலமரம், தாமரைக் குளம். அதற்கு மேல் பாறையில் வெட்டிய படி.

பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் பாறைச் சுவரில் வரிசையாகச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருவர் தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருக்கிறது. உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய எழுத்து, எனக்கு எறும்பு ஊர்ந்த தடம் போலத்தான் இருந்தது. ஆசிரியர் ஒன்றில் விரலைக் கல்லில் படாமல் காற்றில் நகர்த்தி வாசித்துக் காட்டினார். அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று எழுதியிருக்கிறதாம். துறவியாகப் போன பிள்ளையின் பெயரோடு ஒரு தாய் தன் பெயரையும் பாறையில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பிள்ளைகள் அடுத்த உருவத்துக்குப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றேன். அந்த எழுத்தைக் கையில் இருந்த மருந்துச் சீட்டின் பின்புறம், தெரிந்த மட்டும் வரைந்துகொண்டேன்.

அம்மா அந்தச் சீட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். “குணமதி. நல்ல பேருடி” என்றார். டிஸ்சார்ஜ் ஆகும்போது மருந்துப் பையில் அது பத்திரமாக இருந்தது.

சித்திரை கழிந்து, கைத்தடி ஊன்றி நடக்கத் தொடங்கியதும் செக்கப்புக்கு மதுரைக்கு வந்தோம். விருதுநகரிலிருந்து வரும் பஸ்ஸுக்குக் காசு உண்டு. மதுரைக்குள் டவுன் பஸ்ஸில் நான், தங்கச்சி, அம்மா என்று மூன்று இலவசச் சீட்டு. டாக்டர் பார்த்து முடித்ததும் வீட்டுக்குக் கிளம்பலாம் என்றேன். அம்மா அந்த மலைக்குப் போக வேண்டும் என்றார். ஏற முடியாதும்மா என்றேன். ஏற வேண்டாம், கீழே இருந்தே பார்க்கிறேன் என்றார்.

ஆலமரத்தடியில் உட்கார வைத்தோம். குளத்தில் தாமரை இலைகள் காற்றில் புரண்டுகொண்டிருந்தன. “எங்கடி, அந்தம்மா பேரு எந்தப் பக்கம்?” என்று கேட்டார். கீழேயிருந்து ஒன்றும் தெரியாது, பாறைதான் தெரியும். தோராயமாக அந்தத் திசையில் கை காட்டினேன். அம்மா கண்ணுக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, பஸ் வந்து ஹாரன் அடிக்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.